இருமல் அங்கீகரிக்கப்பட்ட அலகு அல்ல

வேன் அக்காவுக்குத் தன் வேனில் வரும் பதினான்கு பிள்ளைகளின் இருமலும் தனித்தனியாகத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவாள். கடைசி வரிசை இரட்டையரில் மூத்தது கரகரவென்று இருமும். இளையது, தான் மட்டும் என்ன இளப்பமா என்று, வராத இருமலையும் வரவழைத்துக்கொள்ளும். ஏறியதிலிருந்து இறங்கும் வரை கதை அளந்துகொண்டே வரும் 'ரேடியோ' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி போல ஓர் இருமல் வைப்பான். முன் இருக்கையில், அக்காவின் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து வரும் மிளகு மட்டும் இருமுவதில்லை. அவளுக்கு இழுக்கும்.

மிளகு அக்காவின் தங்கை மகள். எட்டு வயது. ஆள் கையளவுதான், வாய் காரம், அதனால்தான் அந்தப் பெயர். புத்தகப் பையில் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் எப்போதும் இருக்கும். "பெரியம்மா, நான் இழுத்துக்கிறேன், நீங்க ரோட்டைப் பாருங்க" என்று அவளே சொல்லிவிடுவாள்.

எல்லாம் பெரிய சந்திப்பில்தான். காலை ஏழு நாற்பதுக்கு அங்கே போனால் வேன் பதினோரு நிமிடம் நிற்கும். முன்னால் ஒரு பஸ் நிற்கும். எந்த பஸ்ஸாக இருந்தாலும் அதன் புகைக்குழாய் ரகசியம் சொல்ல வந்த மாதிரி வேனின் மூக்குக்கு நேராக நிற்கும். அக்கா ஒன்பது வருடமாக அந்த ரகசியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை மிளகுக்கு இழுப்பு நிற்கவில்லை. இன்ஹேலரை இரண்டு தடவை அடித்தும் உதடு வெளுத்துக்கொண்டே போனது. அந்தக் காரமான வாய் மூடியிருப்பதைப் பார்த்ததும் அக்கா சிக்னலுக்குக் காத்திருக்கவில்லை. வேனை நடைபாதையில் ஏற்றித் திருப்பி, பதின்மூன்று பிள்ளைகளும் கத்திக்கொண்டு வர, நேராக டாக்டர் வீட்டு வாசலில் போய் நிறுத்தினாள்.

குழந்தைக்கு மூச்சு சீரானதும் டாக்டரம்மா கேட்டார்: "வண்டியில ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?"

"ஆயில் ஃபில்டரா டாக்டர்? போன மாசம்தான்."

"இன்ஜினுக்கு இல்லம்மா. பிள்ளைங்களுக்கு."

பிள்ளைகளுக்கு ஒரு ஃபில்டர் இருப்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் கணவருக்கு அது இருபது வருடமாகத் தெரியும். அவர் மெக்கானிக். அன்று மாலை முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு எதையோ உருவினார். கறுப்பாக, கனமாக, எலிக்குட்டி செத்துக் காய்ந்த மாதிரி ஒன்று வந்தது. கூடவே ஒரு காய்ந்த இலை, மிட்டாய்த் தாள், அரைக் கரப்பான்.

"இது புதுசுல வெள்ளையா இருக்கும்" என்றார் மெக்கானிக், தலையைக் குனிந்தபடி.

"ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் மாத்துறீங்களே, நம்ம வண்டிக்கு மாத்தணும்னு தோணலையா?"

"யாரும் கேக்கலையே."

"நான் உங்க பொண்டாட்டி. விண்ணப்பம் போட்டிருக்கணுமா?"

மெக்கானிக் குனிந்த தலை நிமிராமல் புது ஃபில்டரைப் போட்டார். டாக்டரம்மா சொன்னதோடு தனக்குத் தெரிந்ததையும் சேர்த்து மனைவிக்குப் பாடம் எடுத்தார். வளைந்த அம்புக்குறி போட்ட பட்டனை அழுத்தினால் வெளிக்காற்று உள்ளே வராது, உள்ளே இருப்பதே சுற்றும் என்றார். அது ரிவர்ஸ் எடுக்கும்போது அழுத்துவது என்று அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஆனால் பதினைந்து பேர் மூச்சு விடுகிற வண்டியில் அதையே போட்டுக்கொண்டு போகக் கூடாது, நெரிசல் தாண்டியதும் கொஞ்சம் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகில் போய் ஒட்டக் கூடாது. பள்ளி வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சகங்கள் இருக்கும் பின் தெரு வழியாகப் போனால் பெரிய சந்திப்பே வேண்டாம். நான்கு நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

அக்கா ஒரு நோட்டு வாங்கினாள். தினமும் எத்தனை இருமல் என்று கோடு போட்டு வைத்தாள். முதல் நாள் அறுபத்தொன்று. மூன்றாவது வாரம் பதினெட்டு, அதிலும் பாதி இரட்டையரில் இளையவளின் நடிப்பு. மிளகு இன்ஹேலரைத் தொடாமல் ஒரு முழு வாரம் போனது. ரேடியோவின் வாக்கியங்களில் முற்றுப்புள்ளியே இல்லாமல் போய்விட்டது. அந்த ஒன்றுதான் நஷ்டம்.

தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். மற்ற வேன்காரர்கள் வந்து பட்டனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மெக்கானிக்கின் பட்டறையில் ஃபில்டருக்கு வரிசை நின்றது. அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. அனுப்பியது 'வாகன உட்காற்று நல வாரியம்'.

"தாங்கள் உரிய முன்அனுமதியின்றித் தங்கள் வாகனத்தின் உட்காற்றுத் தரத்தை உயர்த்தியுள்ளதாக இவ்வாரியத்தின் கவனத்திற்கு வந்துள்ளது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்துடன் நேரில் ஆஜராகவும். வரும்போது மேற்படிக் காற்றின் அசலும் இரண்டு நகல்களும் கொண்டுவரவும்."

மெக்கானிக் மூன்று தடவை படித்தார். "காத்துக்கு எப்படி நகல் எடுக்கிறது?"

"அச்சகத் தெருவுலதானே போறேன், கேட்டுப் பாக்கறேன்" என்றாள் அக்கா. வாய் அப்படிச் சொன்னாலும், கடிதத்தில் 'உரிமம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். வேன் உரிமம் அந்த வாரியத்தின் கையெழுத்தில்தான் இருந்தது.

வாரியம் பெரிய சந்திப்பின் மூலையிலேயே ஆறு மாடிக் கட்டடத்தில் இருந்தது. எல்லா ஜன்னல்களும் இறுக மூடியிருந்தன. வாசலில் ஏழு கார்கள் வரிசையாக நின்றன, ஏழிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஓட்டுநர்கள் தள்ளி நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு சும்மா ஓடுது?" என்று காவலாளியைக் கேட்டாள் அக்கா.

"அதிகாரிங்க இறங்கி வரும்போது வண்டி குளுகுளுன்னு இருக்கணும்ல?"

"எப்ப இறங்குவாங்க?"

"அஞ்சரைக்கு."

அப்போது மணி பத்தேமுக்கால்.

"புகையெல்லாம் இங்கயே சுத்துதே அண்ணே?"

"அது வெளிக்காத்தும்மா. நம்ம வாரியம் வண்டிக்குள்ள இருக்கிற காத்துக்கு மட்டும்தான். வெளிக்காத்துக்கு வேற வாரியம், ஸ்டேஷன் ரோட்ல இருக்கு."

"இந்தப் புகை கண்ணாடி வழியா வண்டிக்குள்ள போயிட்டா?"

"போயிட்டா எங்களோடது. போற வரைக்கும் அவங்களோடது."

"கண்ணாடி பாதி திறந்திருந்தா?"

காவலாளி சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குத்தான் ரெண்டு வாரியத்துக்கும் எட்டு வருஷமா கேஸ் நடக்குது."

மூன்றாவது மாடியில் விசாரணை அறை. நீள மேசைக்குப் பின்னால் இணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் 'தயவுசெஞ்சு' போட்டுக்கொள்வார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வதற்காக.

"தயவுசெஞ்சு சொல்லுங்க, அந்த வளைஞ்ச அம்புக்குறி பட்டனை யார் அனுமதியில அழுத்தினீங்க?"

"அது வண்டியிலயே இருக்குது சார்."

"இருந்தா அழுத்திடறதா? சைரன் பட்டன்கூட சில வண்டியில இருக்குது." உறுப்பினர்கள் குறித்துக்கொண்டார்கள். "அப்புறம், முன்னால நிக்கிற பஸ்ஸுக்கும் உங்க வேனுக்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கீங்க."

"ஆமா சார். புகை நேரா மூஞ்சியில வராம இருக்கத்தான்."

"அந்த இடைவெளி பொதுச் சாலை. தினமும் பத்தடி நீளத்தை நீங்க தனியா அனுபவிச்சிருக்கீங்க. தயவுசெஞ்சு, காத்து நல்லாயிடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அக்கா நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "பிள்ளைங்க இருமினதை எண்ணி வச்சிருக்கேன் சார். முதல் நாள் அறுபத்தொண்ணு. நேத்து பதினெட்டு."

இணை இயக்குநர் நோட்டைத் தொடாமல், பேனா முனையால் திருப்பிப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "இருமல் அங்கீகரிக்கப்பட்ட அலகு இல்லையேம்மா."

"அப்படின்னா?"

"தூரம்னா மீட்டர் இருக்கு. எடைன்னா கிலோ இருக்கு. காத்தைப் போய் இருமல்ல அளந்தா? நாளைக்கு இன்னொருத்தர் தும்மல்ல அளந்துட்டு வந்து நிப்பார். இத்தனை இருமல் சேந்தா ஒரு தும்மல்னு அட்டவணை எங்க இருக்கு?"

'அட்டவணை' என்று உறுப்பினர்கள் எழுதி அடிக்கோடிட்டார்கள்.

"அப்ப சரியான கருவியை வச்சு நீங்களே அளந்து பாருங்க சார். எனக்குப் பயம் இல்லை."

இணை இயக்குநர் எழுந்து, அறை மூலையில் திரை போட்டிருந்த ஒன்றைப் பணிவாக விலக்கிக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் கைப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. பெட்டியில் நான்கு பூட்டுகள். "அளக்கணும்னா பெட்டியைத் திறக்கணும். திறந்தா கருவிக்குள்ள தூசி போயிடும்."

"அது தூசியை அளக்கிற கருவிதானே சார்?"

"அதனாலதான் ரொம்ப ஜாக்கிரதையா வச்சிருக்கோம்."

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உரிமம் நினைவுக்கு வந்ததால் இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் கதவு திறந்து வாரியத் தலைவர் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் மேசைமேல் கிடந்த நோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்கதானா அது? இவங்களைத் தண்டிச்சா ஒரு நாள் பேப்பர்ல வரும். பாராட்டினா ஒரு வாரம் வரும்" என்றார். "அடுத்த மாசம் நம்ம தூய உட்காற்று வாரம். இவங்க வண்டியை மாதிரி வாகனமா அறிவிச்சுடுங்க."

விசாரணை அத்தோடு முடிந்தது. உறுப்பினர்கள் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் 'பாராட்டு' என்று எழுதினார்கள்.

மாதிரி வாகனம் என்றால் என்ன என்பது இரண்டு நாள் கழித்து, வாரிய ஆய்வாளர் பட்டறைக்கு வந்தபோது தெரிந்தது. அவர் ஒரு தோல் பையோடு வந்தார். முதலில் அதிலிருந்து ஈய முத்திரையும் கம்பியும் எடுத்து, ஃபில்டர் பெட்டியைச் சுற்றிக் கட்டி நசுக்கினார்.

மெக்கானிக் பதறிப்போனார். "சார், அதை நாலு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்."

"அதுக்குத்தான் முத்திரை. இவ்வளவு நல்ல ஃபில்டரை யாராவது மாத்திட்டா?"

"அழுக்காயிடுமே சார்?"

"அழுக்கானா விண்ணப்பம் குடுங்க. வந்து பாத்து, அழுக்காயிடுச்சுன்னு சான்றிதழ் தருவோம்."

அடுத்து, 'இந்த வாகனத்தில் தூய காற்று' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த ஸ்டிக்கர்கள். ஒட்ட இடம் தேடி, ஏசி காற்று வரும் துளைகளின்மேல் ஒட்டினார். விதிப்படி அவை காற்றுக்கு மிக அருகில் இருக்க வேண்டுமாம். மூன்றாவதாக ஒரு சிறு இயந்திரத்தைக் கூரையில் திருகினார். அது ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை 'புஸ்' என்று வாரிய நறுமணத்தை விட்டது. ரோஜாவும் பினாயிலும் ஒரே அறையில் அடைபட்டுச் சண்டை போட்டால் வரும் வாசனை அது.

"மூச்சுக் கோளாறு இருக்கிற குழந்தை இந்த வண்டியில வருது சார். சென்ட் ஆகாது" என்றாள் அக்கா.

"அந்தக் குழந்தைக்குத் தூய்மையான காத்து வேணும்தானே?"

"ஆமா."

"தூய்மையா இருக்குன்னு அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? வாசனை வந்தாத்தான் தெரியும்."

கடைசியாகப் பாதை. மாதிரி வாகனம் தினமும் பெரிய சந்திப்பு வழியாகத்தான் போக வேண்டும். மாடியிலிருந்து வாரியம் கண்காணிக்க அதுதான் வசதி. பின் தெருவில் போனால் எப்படித் தெரியும்?

அந்த வாரம் நோட்டில் கோடு போட இடம் போதவில்லை. அக்கா இயந்திரத்தின் வாயில் பஞ்சை அடைத்தாள். அது பஞ்சைத் துப்பிவிட்டு இன்னும் வேகமாகப் 'புஸ்' என்றது. இரண்டாம் நாளே மிளகு முன் இருக்கையில் இன்ஹேலரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, இவங்க நல்லவங்களா கெட்டவங்களா?"

"ஆபீசுடீ" என்றாள் அக்கா.

பாராட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பள்ளி முதல்வரிடம் போய்க் கேட்டாள். முதல்வர் கை கூப்பினார். "உட்காற்று வாரத்துல நம்ம வேன்தான் ஊர்வலத்துக்குத் தலைமை. எல்லாப் பிள்ளைங்களும் உள்ள உக்காந்து கொடி ஆட்டணும்னு கடிதம் வந்திருக்கு. பள்ளிக்கே பெருமை. ஒரு நாள்தானே, பொறுத்துக்குங்கம்மா." அன்று மட்டும் மிளகையாவது வீட்டில் விடலாம் என்றால், தங்கைக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. "நீ கூட இருக்கியே அக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தை அக்காவின் தலைமேல் வேன் பாரத்துக்கு உட்கார்ந்தது.

ஊர்வல நாளன்று காலை எட்டு மணிக்கே இருநூறு வண்டிகள் பெரிய சந்திப்பிலிருந்து பின்னோக்கி வரிசை கட்டிவிட்டன. கார், வேன், பஸ், லாரி எல்லாம் இருந்தன. காற்றுத் தூய்மையை வலியுறுத்தி அவ்வளவு வண்டிகள் அந்தச் சாலையில் ஒன்றாக நின்றது அதுவே முதல் தடவை. கொடி அசைந்ததும் தாமதமில்லாமல் கிளம்ப வேண்டும் என்பதால் இன்ஜின்களை அணைக்கக் கூடாது என்று உத்தரவு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒலிபெருக்கி கட்டிய ஒரு பழைய லாரி. அதன் முதுகை ஒட்டி மாதிரி வாகனம். இடைவெளி விடப் பார்த்த அக்காவை ஆய்வாளர் தட்டித் தட்டி முன்னுக்கு வரவைத்தார். படத்தில் இரண்டும் சேர்ந்து விழ வேண்டுமாம். கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். உட்காற்று ஊர்வலத்தில் வெளிக்காற்று கலந்தால் பக்கத்து வாரியம் உரிமை கொண்டாடிவிடும்.

கொடியசைக்க வேண்டிய தலைவர் எட்டேமுக்காலுக்கு வந்தார். மேடையேறி, பேச ஆரம்பித்தார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நான்கு பூட்டுகளும் திறக்கப்பட்ட கருவி, பட்டுத்துணி விரித்த மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

"வாரியம் என்ன செய்தது என்று கேட்கிறார்கள். மூன்றே ஆண்டுகளில் பதினேழு நாடுகளுக்கு நேரில் போய், அங்கெல்லாம் காற்று எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை நானே சுவாசித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தச் சிரமத்தை மக்களுக்குக் கொடுக்கவில்லை."

கைதட்டல் எழுந்தது.

"நான் பொறுப்பேற்றபோது ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்து கிடந்தன. இன்று ஒரு புகார்கூட வருவதில்லை. ஏனென்றால் புகார் வாங்கும் ஜன்னல் வழியாகப் புகை வருகிறது என்று ஊழியர்கள் சொன்னார்கள். உடனே மூடினேன். அதுதான் துரித நடவடிக்கை!"

வேனுக்குள் கூரை இயந்திரம் ஒன்பதாவது தடவையாகப் 'புஸ்' என்றது. ஸ்டிக்கர் ஒட்டிய துளைகளில் குளிர்காற்று வரவில்லை. லாரிப் புகை எப்படியோ வந்தது. இரட்டையர் இருவரும் இருமினார்கள், இந்தத் தடவை இளையவள் நடிக்கவில்லை. ரேடியோ பேச்சை நிறுத்தியிருந்தான். அக்கா பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். மிளகு இன்ஹேலரை அடித்துவிட்டு, இரண்டு கையாலும் இருக்கை விளிம்பைப் பிடித்து, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். உதடு அந்தத் திங்கட்கிழமை நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அக்கா ஒரு நொடி உரிமத்தை நினைத்தாள். ஒரே ஒரு நொடி. பிறகு இன்ஜினை அணைத்தாள், சாவியை உருவினாள், கதவைத் திறந்து மிளகைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் இறங்குங்க! கையைப் பிடிச்சுக்குங்க, விடாதீங்க. கொடியைக் கீழ போடுங்க."

ஆய்வாளர் ஓடி வந்தார். "என்னம்மா பண்றீங்க? இன்னும் காத்தே அளக்கலை!"

"இவ அளந்துட்டா சார்" என்றாள் அக்கா. நிற்கவில்லை.

பதினான்கு பிள்ளைகளும் வேன் அக்காவும் மேடைக்கு முன்னாலேயே சாலையைக் கடந்தார்கள். தலைவர் அது நிகழ்ச்சி நிரலில் இருப்பதாக நினைத்துக் கை அசைத்தார். அச்சகத் தெருவுக்குள் நுழைந்து, முதல் அச்சகத்தின் படியில் மிளகை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடி மருந்து கொடுத்தாள். அச்சுக்கோக்கிறவர் எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், எதிரில் நின்ற சரக்கு வண்டிக்காரரை இன்ஜினை நிறுத்தச் சொன்னார். டாக்டரம்மாவுக்கும் அவரே போன் போட்டார். மிளகு மூச்சை எண்ணினாள். அக்கா நிமிடத்தை எண்ணினாள். இருபது நிமிடம் கழித்து, டாக்டரம்மா தெருமுனையில் வரும்போது, குழந்தை வாய் திறந்தாள்.

"பெரியம்மா, அந்த ஆளு பேசி முடிச்சுட்டாரா?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று இரட்டையர் பயந்துபோனார்கள். அழத்தான் செய்தாள்.

அங்கே சந்திப்பில் நடந்தது வேறு. வரிசையின் தலையில் மாதிரி வாகனம் சாவியில்லாமல் நின்றது. சுற்றிப் போக வழியில்லை. இரண்டாவது வண்டிக்காரர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார், அலுத்துப்போய் இன்ஜினை அணைத்தார். அதைப் பார்த்து மூன்றாவது, பிறகு நாலாவது. பின்னால் இருந்தவர்களுக்கு என்னவென்றே தெரியாது, இருந்தாலும் அணைத்தார்கள். முன்னால் நின்ற ஒலிபெருக்கி லாரியின் இன்ஜின்கூட ஓய்ந்தது. அரை மணி நேரம் இருநூறு வண்டிகளும் வாய் மூடி நிற்க, தலைவரின் குரல் மட்டும் அந்தச் சாலையில் கேட்டது. பேச்சு முடிந்து அவர் கருவியின் பொத்தானை அழுத்தியபோது அது, அந்த இடத்தில் இதுவரை யாரும் கண்டிராத நல்ல எண்ணைக் காட்டியது.

மறுநாள் செய்தி: 'தலைவர் உரையால் காற்றுத் தரம் உயர்வு.' வாரியம் உடனே தீர்மானம் போட்டது. இனி ஒவ்வொரு வாரமும் பெரிய சந்திப்பில் தலைவர் முக்கால் மணி நேரம் உரையாற்றுவார்.

அக்காவை மறுபடி அழைத்தார்கள். அதே அறை, அதே மேசை. உத்தரவை இணை இயக்குநர் படித்தார். அன்று அவர் 'தயவுசெஞ்சு' சொல்லவில்லை, நிமிரவும் இல்லை.

"வாரியத்தின் நிகழ்ச்சியிலிருந்து அனுமதியின்றிப் பதினான்கு சுவாசிப்பாளர்களை வெளியேற்றிய குற்றத்திற்காக, மேற்படி வாகனத்தின் மாதிரி வாகனத் தகுதி ரத்து செய்யப்படுகிறது. வாரியம் வழங்கிய முத்திரை, ஸ்டிக்கர்கள், நறுமணக் கருவி ஆகிய அனைத்துச் சலுகைகளும் உடனடியாகப் பறிக்கப்படுகின்றன. இனி அவ்வாகனம் வாரியத்தின் கண்காணிப்பில் பெரிய சந்திப்பைக் கடக்கும் தகுதியையும் இழக்கிறது. தண்டனைக் காலம்: நிரந்தரம்."

"உரிமம் சார்?"

"அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லை" என்றார் இணை இயக்குநர்.

அக்கா முடிந்த அளவு சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் காத்திருந்த மெக்கானிக் உத்தரவைப் படித்துவிட்டு, "மேல்முறையீடு பண்ணி ஜெயிச்சுடப் போறே, ஜாக்கிரதை" என்றார். அன்றே முத்திரையை அறுத்து, ஃபில்டரை மாற்றினார். யாரும் கேட்காமலே மாற்றினார்.

இரண்டு மாதம் போயிற்று. மற்ற வேன்களுக்கும் எப்படியாவது அந்தத் தண்டனையை வாங்கிவிட வேண்டும் என்று தாய்மார்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் வேனில் இடத்துக்கு ஏகக் கிராக்கி. ரேடியோவின் குடும்பம் வேறு பக்கம் வீடு மாறியதால் ஓர் இருக்கை காலியாயிற்று. விஷயம் வெளியே தெரிவதற்குள், மறுநாள் காலையில் அச்சகத் தெரு முனையில் ஒருவர் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்தபடி நின்று வேனை மறித்தார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர்.

"தயவுசெஞ்சு" என்றார், "ஒரு சீட் இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

அக்காவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. சிறுமிக்கு ஆறு வயது இருக்கும். கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. அதை அக்கா எவ்வளவு பார்த்திருக்கிறாள்! வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

"வாம்மா, முன்னால வா. மிளகு, தள்ளி உக்காந்து அவளுக்கு இடம் குடு."

"இன்ஹேலர் எங்க வச்சிருக்கே?" என்று மிளகு புதியவளை அதட்டலாக விசாரிக்க ஆரம்பித்தாள். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிக் கூரையைப் பார்த்தார், காற்றுத் துளைகளைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க, நிரப்பிக் குடுத்துடணும்" என்று அக்கா தாளையும் பேனாவையும் எடுத்தாள். "குழந்தை பேரு, உங்க வீட்டம்மா போன் நம்பர் சொல்லுங்க." சொன்னார். எழுதிக்கொண்டாள். "அப்பா என்ன வேலை பாக்கறார்னு போடட்டும்?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

"ஒண்ணும் பண்ணாம சும்மாதான் இருக்கார்னு போட்டுக்குங்க" என்றார்.

அக்கா அதை அப்படியே, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், எழுதிக்கொண்டாள்.